மெலிவு தரும் மூலிகைகள்: எதிர்பார்க்கத்தக்கது எவ்வளவு?

இம்மலருக்கு விளம்பரம் திரட்டும் பணி நடந்துகொண்டிருந்த நாளொன்றில், முழுப்பக்க விளம்பரமொன்று மலர்க்குழுவின் மேசைக்கு வந்து சேர்ந்தது. பச்சை இலைகளின் நடுவே ஒரு கண்ணாடிப் புட்டி, அதன் கீழே, ‘முப்பதே நாள்களில் பத்துக் கிலோ குறையும், முற்றிலும் மூலிகை, பக்க விளைவு அறவே இல்லை’ என்னும் வாசகம். அவர்கள் தர முன்வந்த கட்டணமோ ஏனைய விளம்பரங்களைப் போல இருமடங்கு. தாளின் விலையும் அச்சுக்கூலியும் ஏறியிருக்கும் இந்நாளில் அத்தொகையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. நான் தயங்கினேன். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், “மூலிகைதானே, பேராசிரியரே! அல்லாஹ் படைத்த இலையும் வேரும் என்ன தீங்கு செய்துவிடப் போகின்றன?” என்று கேட்டார். அது நேர்மையான வினா. அதற்குரிய விடையை அன்று இரண்டு வாக்கியங்களில் என்னால் சொல்லி முடிக்க இயலவில்லை. அதனால் விளைந்ததே இக்கட்டுரை.

தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என வினவுவாரும் உளர். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆயினும், ஒரு சொல்லை எடுத்து அது தாங்கும் பொருள் எவ்வளவு, தாங்காத பொருள் எவ்வளவு என நிறுத்துப் பார்ப்பது எம் தொழில். இவ்விளம்பரத்தின் சொற்களையும் அவ்வாறே நிறுத்துப் பார்க்கலாம் அல்லவா? அன்றியும், சென்ற ஆண்டு என் வகுப்பறையில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று என்னை வாளாவிருக்க விடவில்லை. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

பத்துக் கிலோ என்னும் கணக்கு

முதலில் எண்ணைப் பார்ப்போம். நம் உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு ஒரு கிலோ கரைய வேண்டுமாயின் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் செலவாதல் வேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. பத்துக் கிலோவுக்கு 77,000 கலோரி. அதனை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 2,560க்கும் மேல். நடுத்தர உடலமைப்புடைய பெண்ணொருத்தி ஒரு நாள் முழுவதும் செலவிடும் ஆற்றலே 2,000 கலோரியை ஒட்டித்தான் அமையும். எனவே, முப்பது நாளும் ஒரு பருக்கைச் சோறும் உண்ணாமல் கிடந்தாலும் அவள் உடற்கொழுப்பில் பத்துக் கிலோ கரையாது! ஆறாம் வகுப்பு மாணவனும் போட்டுப் பார்க்கக்கூடிய இவ்வகுத்தலைப் படித்தவர்களாகிய நாம் ஏன் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

அங்ஙனமாயின் எடைக்கருவியின் முள் இறங்குகிறதே, அது பொய்யா எனின், பொய்யன்று. இறங்குவது வேறு பொருள். இங்கேதான் என் மாணவியின் கதை வருகிறது. இரண்டாமாண்டு மாணவி, பெயர் வேண்டா. நிக்காஹ் உறுதியாகி மூன்று திங்களே இருந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்டிர் வந்து பார்த்துச் சென்றபோது, ‘பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்’ என யாரோ ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொன்னவர் அன்றிரவே மறந்திருப்பார். கேட்டவளோ மறக்கவில்லை. உறவினர் ஒருவர் வழியாக ‘மெலிவுத் தேநீர்’ என்னும் பொட்டலங்கள் வந்தன. இரவுதோறும் குடித்தாள். முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்ததாம். வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. ஐந்தாவது வாரத்தில், உள்தேர்வு எழுதிக்கொண்டிருந்தவள் எழ முயன்றபோது கால்கள் மடங்கி விழுந்தாள். மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது பொட்டாசியம் என்னும் உப்பு மிகவும் குறைந்துபோயிருந்தது. சிறிது தாழ்த்திருந்தால் இதயத் துடிப்பே தடுமாறியிருக்கும் என்று மருத்துவர் கூறினார்.

அப்பொட்டலத்தின் உறையை நான் வாங்கிப் படித்தேன். பூக்களின் பெயர்களும் நறுமணப் பொருள்களின் பெயர்களும் பெரிய எழுத்தில் இருந்தன. கடைசி வரியில், சிறிய எழுத்தில், சென்னா. அதனை அயல்நாட்டுப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். அது நம் நிலாவாரை. அறபு மொழியின் ‘ஸனா’ என்னும் சொல்லே ஐரோப்பியர் வாயில் சென்னா ஆயிற்று. நெல்லைச் சீமையின் வறண்ட நிலத்தில் விளைந்து, திருநெல்வேலிச் சென்னா என்னும் வணிகப் பெயருடன் உலகெங்கும் சென்ற இலை அது. மலச்சிக்கலுக்கு அது நல்ல மருந்து. யூனானியும் சித்தமும் ஆங்கில மருத்துவமும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட மருந்து. ஆனால் அது வேலை செய்யும் இடம் பெருங்குடல். நாம் உண்ட உணவின் ஆற்றலோ அதற்கு முன்னரே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆகவே, நிலாவாரை வெளியேற்றுவது நீரையும் உப்பையும் கழிவையுமே தவிரக் கொழுப்பை அன்று. இரண்டு குவளை நீர் அருந்தினால் அந்த எடை திரும்பிவிடும். திரும்பாமற் போவது உடலின் உப்புச் சமநிலை. அது மட்டுமன்று, நெடுநாள் பழகினால் குடல் தன் இயல்பான தொழிலைச் செய்ய அவ்விலையையே எதிர்பார்த்துக் கிடக்கும்.

அம்மாணவி நலம் பெற்றாள், அல்ஹம்துலில்லாஹ். நிக்காஹ்வும் குறித்த நாளில் நடந்தது. அவள் எடையைப் பற்றிப் பின்னர் எவரும் பேசவில்லை என்பதே இதில் பெரிய வேடிக்கை.

குடம்புளியின் கதை

இவ்வணிகத்தில் மிகுதியாகப் பெயர் பெற்றது குடம்புளி. (நாம் சிறுவயதில் உலுக்கித் தின்ற கொடுக்காப்புளி வேறு; இது வேறு. பெயரொற்றுமையால் மயங்கற்க.) மலையாள நாட்டு மீன்குழம்பில் இடும் அந்தக் கருநிறப் புளியின் தோலில் உள்ள ஓர் அமிலம், உடலில் கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அவ்வளவுதான், உலகச் சந்தை முழுவதும் குடம்புளி மாத்திரை. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வு இதனை முறையாகச் சோதித்தது. 135 பேரை இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் குடம்புளிச் சத்து. மற்றதற்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரை. இரு பிரிவினருக்கும் ஆற்றல் குறைந்த, நார்ச்சத்து மிகுந்த உணவுத் திட்டம். எவருக்கு எது என்பது உண்டவர்க்கும் தெரியாது, கொடுத்தவர்க்கும் தெரியாது. பன்னிரண்டு வாரம் கழிந்தபின் குடம்புளி உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தனர். வெற்று மாத்திரை உண்டவர்களோ 4.1 கிலோ குறைந்திருந்தனர்! இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே என்று கணக்கியலார் கூறுவர். ஆதலின் குடம்புளி தீங்கு செய்தது எனக் கொள்ளல் வேண்டா. அது பயனேதும் செய்யவில்லை என்று கொண்டாற் போதும்.

இவ்வாய்வை நான் மாணவர்களுக்கு அடிக்கடி கூறுவதுண்டு. காரணம், நம்மூரில் விற்கும் ஒவ்வொரு பொடியோடும் ஒரு தாள் இணைத்துத் தருகிறார்கள். ‘இனிப்பு, எண்ணெய்ப் பண்டம் நீக்குக, இரவில் சோறு உண்ணற்க, நாள்தோறும் நாற்பது நிமிடம் நடக்க’ என அத்தாளில் எழுதியிருக்கிறது. தாளைப் பின்பற்றியவர் மெலிகிறார். புகழோ பொடிக்குப் போய்விடுகிறது. தாளை மட்டும் வாங்கிக்கொண்டு பொடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நல்ல சோதனைகள் அனைத்தையும் திரட்டிப் பார்த்தோரும் உளர். 2020ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மெலிவு தரும் என்று கூறப்பட்ட மூலிகைகள்மீது நடந்த 54 சோதனைகளை, 4,300க்கும் மேற்பட்டோரின் முடிவுகளை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்க அளவு என அவர்கள் வரையறுத்துக்கொண்டது இரண்டரைக் கிலோ. தனி மூலிகைகளுள், வெற்று மாத்திரையைக் காட்டிலும் எண்ணளவில் தெளிவான வேறுபாடு காட்டியது வெள்ளைப் பீன்ஸின் சத்து, அதுவும் 1.61 கிலோவோடு நின்றது. பச்சைத் தேயிலையை 2012ஆம் ஆண்டில் தனியே ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பும், அதனால் விளையும் மெலிவு மிகச் சிறிது என்றே முடிவு கூறியது.

ஒப்புமைக்கு ஒன்று கூறுவேன். இந்நாளில் பெரிதும் பேசப்படும் செமகுளுடைடு என்னும் ஊசிமருந்து 1,961 பேரைக் கொண்டு சோதிக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வாரம் ஒருமுறை ஊசி, அதனோடு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் என 68 வாரம் தொடர்ந்தவர்கள் தம் எடையில் ஏறத்தாழப் பதினைந்து விழுக்காடு குறைந்தனர். எண்பது கிலோ எடையுள்ளவருக்குப் பன்னிரண்டு கிலோ. அதற்கு ஒன்றேகால் ஆண்டுக்கும் மேல். ஊசியை நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரு பங்கு மீண்டும் ஏறிவிட்டது. பெருஞ்செலவில் ஆராய்ந்து கண்ட மருந்தின் நிலையே இதுவாயின், முப்பது நாள் புட்டியின் வாக்குறுதியை என்னென்பது!

ஒரு பெயர் மயக்கமும் அதன் விலையும்

பெரியவர் கேட்ட வினாவுக்கு இனி வருகிறேன். இலையும் வேரும் என்ன தீங்கு செய்யும்?

இறைவன் படைத்தவற்றுள் நஞ்சும் உண்டு. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. எட்டியும் ஊமத்தையும் அவ்வாறே. அளவும் பக்குவமும் அறிந்தவன் கையில் இவையே மருந்தாகும். இது நம் முன்னோர் நன்கறிந்த உண்மை. ‘மூலிகை’ என்னும் சொல் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும். அது நல்லதா தீயதா என்று சொல்லாது.

1990க்கும் 1992க்கும் இடைப்பட்ட காலத்தில் பெல்ஜிய நாட்டின் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவிக்கும் மருத்துவகம் ஒன்றுக்குச் சென்ற பெண்டிர்க்குச் சீன மூலிகைகள் கலந்த மாத்திரைகள் தரப்பட்டன. சில திங்களில் இளம்பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் சுருங்கிச் செயலிழந்தன. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். காரணம் என்ன? சீன மருத்துவத்தில் ‘ஃபாங்ஜி’ என்னும் பெயரால் வழங்கும் வேர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ‘ஹன் ஃபாங்ஜி’ என்பது ஒரு கொடியின் வேர். ‘குவாங் ஃபாங்ஜி’ என்பது முற்றிலும் வேறான அரிஸ்டலோக்கியா இனத்துச் செடியின் வேர். முன்னதன் இடத்தில் பின்னது வந்துவிட்டது. ஓர் அடைமொழி பிறழ்ந்ததால் நேர்ந்த கேடு இது. துயரம் அத்தோடு முடியவில்லை. சிறுநீரகம் முற்றும் பழுதடைந்த 39 பேரைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் தோன்றியிருந்தது கண்டறியப்பட்டது. மெலிய விரும்பியதன்றி அப்பெண்கள் செய்த பிழை யாது?

சொற்பொருள் மயக்கத்தைப் பற்றி வகுப்பில் நாள்தோறும் பேசுகிறவன் நான். பாட்டில் ஒரு சொல் பிறழ்ந்தால் உரையாசிரியர் திருத்திவிடுவார். புட்டியில் பிறழ்ந்தால் திருத்த எவருமில்லை. நம் நாட்டிலும் ஒரே பெயர் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு செடியைக் குறிப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த அரிஸ்டலோக்கியா இனத்துச் செடி எங்கோ சீனத்தில் மட்டும் உள்ளதன்று. நம் கரிசல் காட்டில் வளரும் ஆடுதின்னாப்பாளை அவ்வினத்ததே. ஆடும் தின்னாமல் விலகிச் செல்லும் செடி எனப் பெயரிலேயே எச்சரிக்கை வைத்துச் சென்ற நம் உழவரின் அறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

உணவாக நன்மை தருவதும் மருந்தென்று மிகுத்தால் கேடு செய்வதுண்டு. தவசிக்கீரை என்று நாம் வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பதை மலாய் நாட்டாரும் இந்தோனேசியரும் வேகவைத்து உண்பர். 1994, 1995ஆம் ஆண்டுகளில் தைவான் நாட்டில், அதன் பச்சைச் சாறு உடலை மெலிவிக்கும் என்னும் பேச்சுப் பரவிப் பலர் நாள்தோறும் குடித்தனர். நுரையீரலின் சிறுகுழாய்கள் அடைபட்டு மூச்சுத்திணறலுக்கு ஆளானோர் நூற்றுக்கும் மேற்பட்டோர், இறந்தோரும் உளர். பச்சைத் தேயிலையும் அத்தகையதே. கோப்பையில் ஊற்றிப் பருகினால் தீங்கில்லை. அதன் சத்தைப் பிழிந்து மாத்திரையாக்கி மிகுதியாக உண்டவர்களுள் சிலருக்கு ஈரல் பாதிப்பு நேர்ந்ததால், ஐரோப்பிய உணவுக் காப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டில் அதைப் பற்றி எச்சரித்தது.

இன்னொரு கூட்டம் உண்டு. இவர்கள் புட்டியில் மூலிகை என எழுதிவிட்டு உள்ளே இரசாயன மருந்தைக் கலப்பவர்கள். சிபுட்ரமின் என்னும் பசியடக்கும் மருந்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிக்கிறது என்று கண்டு 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. இந்தியா 2011ஆம் ஆண்டில் தடைசெய்தது. தடைக்குப் பின்னும் ‘முழுவதும் இயற்கை’ என விற்ற மெலிவுப் பொருள்கள் பலவற்றில் அம்மருந்து மறைத்து வைக்கப்பட்டிருந்ததை அமெரிக்க அரசின் ஆய்வகங்கள் தொடர்ந்து கண்டறிந்து வந்துள்ளன. ஆகவே, ஒரு மூலிகைப் பொடி சில நாளிலேயே பசியை அடியோடு அடக்கி, உறக்கத்தைக் கெடுத்து, நெஞ்சைப் படபடக்கச் செய்யுமாயின், ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று மகிழற்க, ஐயுறுக.

இப்னு சீனாவின் நிபந்தனைகள்

இவற்றையெல்லாம் எழுதுவதால் நான் நாட்டு மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று கொள்ளற்க. பழிப்போர் நம் மருத்துவத்தின் பெயரைச் சொல்லிப் புட்டி விற்பவர்களே. இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில், ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் நிறுவுவதற்குச் சில நிபந்தனைகளை விதித்தார். மருந்தில் வேற்றுப் பொருளின் சேர்க்கையால் வந்த குணம் இருத்தலாகாது. பல நோய்கள் கலந்த இடத்தில் சோதித்தலாகாது. ஓரிடத்தில் மட்டுமன்றிப் பலரிடத்தும் ஒரே விளைவு மாறாது தோன்றல் வேண்டும். விலங்கில் கண்டதை மனிதனுக்குப் பொருத்துதல் தகாது, மனித உடலிலேயே சோதித்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய இந்நிபந்தனைகளில் ஒன்றையேனும் நம் மேசைக்கு வந்த புட்டி நிறைவேற்றியதா? அதன் உறையில் இருந்தது ‘பதினெட்டு மூலிகைகளின் அரிய கலவை’ என்னும் ஒரே தொடர். எந்த மூலிகை, எத்தனை மில்லிகிராம் என்பது இல்லை. அக்கால இஸ்லாமிய நகரங்களில் கடைத்தெருவில் மருந்துச் சரக்கின் கலப்படத்தைச் சோதிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். அவர் கண்ணில் இது தப்பியிராது.

யூனானி மருத்துவத்தில் மருந்தின்வழிச் சிகிச்சைக்கு ஒப்பாகவே உணவுவழிச் சிகிச்சைக்கும் நடைமுறைவழிச் சிகிச்சைக்கும் இடமுண்டு. வள்ளுவரும் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் ஓர் இலையின் பெயரையோ வேரின் பெயரையோ சொல்லவில்லை. பத்தில் ஆறு குறட்பாக்கள் உண்ணும் அளவையும் செரிமானத்தையும் பசியையுமே பேசுகின்றன. வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாக மூன்றாகப் பங்கிடச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை நம் வலீமாப் பந்திகளில் எவரும் நினைவுகூர்வதாகத் தெரியவில்லை. நோன்புத் திங்களில் குறையும் ஓரிரு கிலோவையும் சமோசாவும் பெருநாள் பிரியாணியும் திரும்பத் தந்துவிடுகின்றன.

பிறகு எதனைத்தான் எதிர்பார்ப்பது? வெந்தயம், இசப்கோல், கொள்ளு போன்றவை நார்ச்சத்தாலோ புரதத்தாலோ வயிறு நிறைந்த உணர்வைத் தரும். அவ்வுணர்வால் ஒருவர் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொண்டால் அந்த அளவுக்குப் பயன் உண்டு. பொடியையும் உண்டு இட்லியையும் உண்டால் பயனில்லை. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியின் பொருளும், கொள்ளை மற்ற உணவுக்கு மாற்றாகக் கொள்வதே எனக் கருதுகிறேன். மூலிகையால் கூடுதலாகக் கிடைப்பது, கிடைத்தால், மூன்று திங்களில் ஒரு கிலோவை ஒட்டியது. நிறுத்தினால் அதுவும் நில்லாது. இவ்வளவு சிறிய பயனுக்கு மூவாயிரம் ரூபாய் தகுமா என்பதை அவரவர் பணப்பை முடிவு செய்யட்டும்.

எடை ஒன்றே குறிக்கோள் என்பதும் சரியன்று. சென்னை மருத்துவர்கள் சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவுத் திருத்தமும் மேற்கொண்டவர்க்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் எடையில் பெரிய மாற்றம் ஏற்படாமலேயே இப்பயன் கிட்டியது என்பதைக் குண்டாக இருப்பதற்காக மனம் வருந்தும் என் மாணவ மாணவியர் குறித்துக்கொள்ளல் நலம்.

மலர்க்குழுவுக்கும் ஒரு சொல். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் உடற்பருமனும் இடம்பெற்றுள்ளது. அப்பட்டியலில் உள்ள நோயைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றம். அவ்விளம்பரம் வெளிவருவதில் பங்கு கொள்வதும் குற்றம். இதிலிருந்து தப்பவே பலர் தம் பொருளை மருந்து எனச் சொல்லாமல் உணவு எனப் பதிந்து விற்கின்றனர். உறையில் காணும் பதினான்கு இலக்க எண் உணவுப் பொருள் விற்பதற்கான உரிமத்தின் எண். அப்பொருள் உடலை மெலிவிக்கும் என்பதற்கு அது சான்றாகாது. இதனைக் கூட்டத்தில் எடுத்துரைத்தபோது பெரியவரே முதலில் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார். இப்பக்கங்கள் அதனால் காலியானவை.

உண்மையிலேயே உடற்பருமனுக்கு நாட்டு மருத்துவம் பெற விரும்புவோர், பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவரிடம் செல்லுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானிக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ளோர் நாடி பார்ப்பார்கள், இரத்தச் சோதனையும் செய்விப்பார்கள், தருவது இன்னதென்று எழுதியும் கொடுப்பார்கள். கருவுற்றோரும், பாலூட்டும் தாய்மாரும், இதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் குறையுள்ளோரும், வேறு மருந்து உண்போரும் தாமாகவே இப்பொடிகளைத் தொடலாகாது. ஏற்கெனவே உண்டுகொண்டிருப்பவர், கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்தல், மூச்சிரைப்பு, படபடப்பு, தசைத்தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் விரைதல் வேண்டும். ‘மூலிகைதானே’ என்று எண்ணி மருத்துவரிடம் அதைச் சொல்லாது விடுவோர் மிகப் பலர். என் மாணவியும் சொல்லவில்லை. அவளுடைய தோழி விடுதிக்கு ஓடி அந்த உறையை எடுத்து வந்த பிறகே காரணம் தெரிந்தது. ஆதலின் செல்லும்போது புட்டியையும் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.